கல்லில் இருந்த ஓலைத் தொப்பி

மழைக்காலம் வந்தாலே மூட்டு வலிக்கிறது, தூக்கம் வரவில்லை என்று ஃபோனில் புலம்புகிறீர்களே, என் வயசுக்காரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பேரப்பிள்ளைகளிடம் ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். உங்களால் அப்படி எழுந்து ஓட முடியாது, மூட்டு விடாது. அதனால் உட்கார்ந்து கேளுங்கள்.

கல்லறைத் திருநாளன்று உப்பளத்துக் கல்லறைக்கு மெழுகுவத்தியும் சாமந்திப்பூவுமாகப் போனவர்கள்தானே நாம் எல்லோரும். மதிலை ஒட்டிச் சொல்தாக்கள் வரிசை ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்கியவர்களைச் சொல்தா என்றுதான் ஊரில் சொல்வோம். மற்றவர்கள் கல்லில் சிலுவை இருக்கும், இறக்கையோடு கைகூப்பிய சம்மனசு இருக்கும். சொல்தா கல்லில் சிலுவைக்குக் கீழே ஒரு நங்கூரம் இருக்கும். அவர்களெல்லாம் கப்பல் முழுகிச் செத்தவர்கள் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கடல் தாண்டிப் போன பட்டாளத்துக்கு அதுதான் சின்னம் என்று பிறகு தெரிந்தது. நங்கூரத்துக்கு அடியில் வாங்கிய மெடல், அதன் நாடாவில் இருக்கும் கோடு உட்படச் செதுக்கியிருப்பார்கள். நங்கூரத்துக்குப் பக்கத்தில் தொப்பி. சாதாரண சொல்தாவாக இருந்தால் இரும்புத் தொப்பி, கொஞ்சம் மேலே போனவராக இருந்தால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கெப்பி. பெயரைப் படிக்காமலே ஆள் எந்த உத்தியோகத்தில் இருந்தார் என்று சொல்லிவிடலாம்.

அந்த வரிசையில் ஒரு கல்லில் நங்கூரம் இருக்கும், மெடல் இருக்கும், தொப்பி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருக்கும். கையை வைத்தால் உள்ளங்கை அதற்குள் அடங்கிவிடும். அது எங்கள் அப்பா கல். அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று நீங்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அம்மா உயிரோடு இருந்தவரை சொல்லியிருக்க மாட்டேன்.

சைகோன் சண்டை முடிந்து அப்பா கப்பலில் திரும்பி வந்தபோது இங்கே பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறிவிட்டிருந்தது. அவர் போகும்போது நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். வந்து நின்ற மனிதரைப் பார்த்து நான் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேன். தகரப் பெட்டியைத் திறந்து அம்மாவுக்கு ஒரு பட்டுத் துணியையும் எனக்கு ஒரு சீப்பையும் எடுத்துக் கொடுத்தார். கடைசியாகச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்துப் பிரித்தார். ஓலைத் தொப்பி. உச்சியில் கூராக ஆரம்பித்து கீழே முறம் அகலத்துக்கு விரியும் தொப்பி. மோவாய்க்கடியில் கட்டிக்கொள்ள ஒரு பழைய துணி நாடா. அதைக் கூடத்தில் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். அம்மாவின் முகம் அப்போதே மாறிவிட்டது.

அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் நம் ஊரில் சைகோன் பெண்டாட்டியோடு வந்து இறங்கிய சொல்தாக்கள் தெருவுக்கு ஒருவராவது இருந்தார்கள். சிலர் அங்கே ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று வைத்துக்கொண்டு அங்கேயுள்ளதை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் தெருமுனையிலேயே ஒரு சைகோன்காரம்மா இருந்தாள். புருஷன் செத்துப்போய், நெம் பொரித்து விற்றுப் பிழைத்தாள். அரிசி மாவு ரொட்டியில் கறியைச் சுருட்டி எண்ணெயில் போடுவாளே, அந்த வாசனைக்குத் தெருவே வாசலில் வந்து நிற்கும். மார்க்கெட்டுக்குப் போகும்போது அவள் தலையில் இருந்ததும் இதே தொப்பிதான். சைகோனிலிருந்து வந்த ஆம்பிளை ஒரு பொம்பிளைத் தொப்பியை ஆணியில் மாட்டி வைத்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் வயிறு எரியாது?

எங்கள் அம்மாவின் வாய் சாதாரண வாய் இல்லை. அது தெரிந்தவர்கள் உங்களில் இன்னும் இரண்டு பேராவது இருப்பீர்கள். குழாயடியில் அவள் வாயைத் திறந்தால் மற்ற குடங்கள் தாமாக ஒதுங்கிவிடும். கோபம் வந்தால் வீட்டுக்குள் சொல்லவேண்டியதை வாசலில் நின்று சொல்வாள். சொல்லி முடித்தபிறகு அழுவாள். அப்பா நேர்மாறு. பேசவே மாட்டார். மழை வந்தால் மட்டும் ஒரு கிறுக்கு அவரைப் பிடிக்கும். தோட்டத்தில் போய் வெறுந்தலையோடு நிற்பார். குடையை நீட்டினால் வாங்க மாட்டார். ழுய்யே பதினாலுக்கு, அதுதான் ஜூலையில் வரும் பிரெஞ்சுக்காரன் தேசிய நாளுக்கு, சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு கடற்கரையில் அணிவகுத்துப் போவார்களே, அன்றும் கெப்பியைத் தலையில் வைக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். "தலைக்கனம் புடிச்ச ஆளு, வெள்ளைக்காரன் மாதிரி கிராப்பு காட்டுறாரு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பாவம், அவருக்குக் காட்டுவதற்குத் தலையில் அவ்வளவு முடியும் இல்லை.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. விறகெல்லாம் நனைந்து, அடுப்பு பற்றவில்லை. அப்பாவுக்கு ஏற்கெனவே நெஞ்சில் சளி கட்டி இருமல் வாட்டிக்கொண்டிருந்தது, அவர் அன்றும் மழையில் போய் நின்றார். அம்மா கூப்பிட்டாள், கத்தினாள், கெஞ்சினாள். வரவில்லை. அவள் உள்ளே வந்து ஊதாங்குழலைத் தூக்கி எறிந்தாள். பிறகு ஆணியிலிருந்த தொப்பியை எடுத்து நாலாக மடக்கி அடுப்பில் திணித்தாள். காய்ந்த ஓலை, குப்பென்று பற்றியது. "ஏதோ, அவளால ஒரு உலையாவது கொதிச்சுது" என்றாள். அன்றைக்குச் சோறு அந்தத் தீயில்தான் ஆரம்பித்தது.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஆணியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். சாப்பிட உட்கார்ந்தார், பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கை கழுவினார். மழை கொஞ்சம் விட்டதும் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்த கல்தச்சரைப் பார்க்கப் போனார்.

தன் கல்லைத் தானே உயிரோடிருக்கும்போதே செய்து வைத்துக்கொள்வது சொல்தாக்களிடம் இருந்த பழக்கம். செத்தபிறகு பெண்டாட்டி பிள்ளைகள் ஏதாவது ஒரு கல்லை நட்டுவிடுவார்கள், மெடலைத் தப்பாகச் செதுக்கிவிடுவார்கள் என்று அவர்களுக்குப் பயம். பிறந்த வருஷம் வரைக்கும் வெட்டி வைத்துவிட்டு, செத்த வருஷத்துக்கு இடம் விட்டுவிடுவார்கள். அப்பாவும் அதையே செய்தார் என்பதால் முதலில் யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. திருவக்கரைக் கல், கருப்பு. நங்கூரமும் மெடலும் பட்டறையிலேயே முடிந்துவிட்டன. தொப்பி மட்டும் வரவில்லை. கல்தச்சர் வாழ்நாளெல்லாம் கெப்பியும் இரும்புத் தொப்பியும் செதுக்கியவர். அப்பாவால் இருமலோடு தினமும் அங்கே போய் நிற்க முடியவில்லை. ஆகையால் கல்லை மாட்டுவண்டியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ரேழிச் சுவரில் சாத்தி வைத்து, அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கல்தச்சர் அங்கேயே செதுக்க ஆரம்பித்தார். சொல்தாக்களை ஐயா என்பதற்குப் பதில் முசே என்றுதான் அவர் கூப்பிடுவார்.

"என்னா முசே இது, கூடையக் கவுத்து வச்ச மாதிரி இருக்குது?"

"கூடை இல்லய்யா. தொப்பி. இன்னும் அகலமா வரணும்."

"கோயில் கோபுரம்னு நெனச்சுக்கப் போறாங்க. சாமியாரு என்னத்தான் திட்டுவாரு."

அப்பா பனையோலையை வளைத்து மடித்து ஊசியால் தைத்து ஒரு சின்ன மாதிரி செய்து காட்டினார். அது எனக்குப் பொம்மைக்கு வைத்துப் பார்க்க ஆசையாக இருந்தது, தரவில்லை. கல்லில் தொப்பி கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஓலையின் வரிகள் வந்தன. கடைசியில் நாடாவும் வேண்டும் என்றார். கட்டின நாடா இல்லை, அவிழ்ந்து தொங்குகிற நாடா. அந்த நாடாதான் அம்மாவை உடைத்தது.

கல்தச்சர் போனதும் அவள் ரேழியில் வந்து நின்றாள்.

"எரிச்சதக் கல்லுல வெட்டி வச்சிட்டீங்க. நல்லா இருக்குது. செத்தாலும் அவ உங்க தலைமாட்டுல, நான் கால்மாட்டுல."

"எவளும் இல்ல."

"அப்ப யாரு தொப்பி?"

அப்பா கையிலிருந்த சின்ன ஓலை மாதிரியைக் கல்லின்மேல் வைத்தார். பிறகு, "அது நான் போட்டிருந்த தொப்பி" என்றார்.

அம்மா சிரித்தாள். நான் கேட்ட சிரிப்புகளிலேயே மோசமான சிரிப்பு அது. "சொல்தாவுக்குச் சர்க்காரு இரும்புத் தொப்பி குடுக்கும். நாடா வச்ச ஓலைத் தொப்பியா குடுக்கும்? பொய்யாவது ஒழுங்காச் சொல்லுங்க."

அவர் இருமிக்கொண்டே எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அம்மாவின் வாய் மூடியிருந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். எனக்குப் பயமாக இருந்தது.

ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது, தெருமுனைச் சைகோன்காரம்மாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து கல்லுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லு. இது பொம்பள போடுறதுதானே?"

அவள் குனிந்து பார்த்தாள். எண்ணெய் வாசனை வீசும் விரலால் ஓலை வரிகளைத் தடவினாள். அவளுடைய தமிழ் எப்போதும் தட்டித் தடுமாறித்தான் வரும். "வயலு வேலை எல்லாரும் போடும். ஆம்பள போடும். பொம்பள போடும். மழை, வெயில், எல்லாம் போடும்" என்றாள். நாடாவைத் தொட்டவள் கையை எடுக்கவே இல்லை. "இது பட்டு இல்ல. கிழிஞ்ச துணி. கெழவன் கட்டும்."

"நீ உன் ஊருக்காரிக்குத்தான் பேசுவ" என்று அம்மா அவளை அனுப்பிவிட்டாள். போகும்போது அந்த அம்மாள் கல்லைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். வந்த பதில் சரியான பதில். கேட்டவளுக்குத்தான் அது வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா கல்லின்மேல் ஒரு கோணிச் சாக்கைப் போட்டு மூடினாள். அது இன்னும் மோசமாகிப்போனது. மூடாதவரை அது கல். மூடியபிறகு யாரோ தலையோடு போர்த்திக்கொண்டு ரேழியில் குந்தியிருப்பதுபோல ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் அவளைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். அவள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். பேச்சை நிறுத்தியவள் அப்பாவிடம்தான் நிறுத்தினாள், கல்லிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். "என்னாடி, நனைஞ்சுட்டியா?" என்பாள், சாரல் அடித்தால். "இன்னும் உனக்கு என்னா வேணும்?" என்பாள். ஒருநாள் எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, இன்னொரு தட்டில் சோறும் மீன்குழம்பும் போட்டு எடுத்துப்போய்ச் சாக்குக்கு முன்னால் வைத்தாள். "சாப்புடு. இந்த வூட்ல நீயும் ஒருத்தி ஆயிட்ட." அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. அம்மா அதைக் குற்றத்தின் கலக்கம் என்று எடுத்துக்கொண்டாள். நானும்தான்.

எனக்கு அவளைப் பற்றி ஒரு முழுக்கதையே மனசில் ஓடியது. ஈரத் தலைமுடி, வெற்றுக்கால், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு என் வயசில் ஒரு பெண் இருப்பாள், அந்தப் பெண் என் சீப்பு மாதிரியே ஒரு சீப்பு வைத்திருப்பாள். யாருக்கும் தெரியாமல் பாதி பிஸ்கோத்தைச் சாக்கின் மடிப்பில் வைத்துவிட்டு வருவேன். எறும்பு மொய்த்து அம்மா கண்டுபிடித்து முதுகில் ஒன்று போட்டாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் நாலு பேர் இருந்தோம்.

மார்கழிப் பனி அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருமலில் ரத்தம் வர ஆரம்பித்தது. கடைசி நாட்களில் கட்டிலை ரேழிக்குக் கொண்டுவந்து போடச் சொன்னார். "பாப்பா, அந்தச் சாக்க எடுத்துடு" என்றார் என்னிடம். அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்தேன். அவர் அந்தத் தொப்பியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். ஒருமுறை, "மழ பெய்யுதா?" என்று கேட்டார். வெளியே நல்ல வெயில். கிறிஸ்துமஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடக்கம் முடிந்தது, சொல்தாக்கள் எல்லோரும் மெடலோடு வந்து நின்று மரியாதை செய்தார்கள். கல்லை நடுவதற்கு முன்னால் வருஷத்தை வெட்டக் கல்தச்சர் வந்தார். அம்மா வருஷத்தை வெட்டச் சொன்னாள். பிறகு, "தொப்பிய எடுத்துடுங்க" என்றாள்.

"எம்மா, முசே ஆசைப்பட்டு உக்காந்து செய்யச் சொன்னது…"

"அவரு ஆசைப்பட்டது போதும். ஊரு பூரா வந்து மெழுகுவத்தி கொளுத்துற எடத்துல அவ தொப்பி எதுக்கு? எடுங்க."

"மேலாக எடுத்தா கோடு தெரியும்மா."

"தெரியாமப் போற வரைக்கும் எடுங்க."

அவர் நாள் பூராவும் அடித்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பக்கத்து வீட்டில் யாராவது சுவரில் ஆணி அடித்தால்கூட நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஓலை வரிகள் போயின, விளிம்பு போயிற்று, உச்சி போயிற்று. நாடாவின் நுனி மட்டும் உடையாமல் ஒரு சில்லாகத் தெறித்து விழுந்தது. அதை எடுத்து என் பென்சில் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். வீடு மாறும்போது டப்பாவே தொலைந்துபோயிற்று. பல நாள் தேடியிருக்கிறேன், உங்களில் ஒருத்தி வீட்டு மாடத்தில்கூடத் தேடினேன், சொல்லவில்லை.

அடுத்த கல்லறைத் திருநாளுக்குக் கப்பொரால் சித்தப்பா வந்தார். சொந்தமில்லை, சைகோனில் அப்பாவோடு ஒரே பட்டாளத்தில் கப்பொரால் உத்தியோகத்தில் இருந்தவர், சண்டை முடிந்து காரைக்காலிலேயே இருந்துவிட்டார். அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை. தூறலில் மெழுகுவத்தி நிற்காமல், நான் கையால் மறைத்துப் பிடித்திருந்தேன். அவர் கல்லைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார்.

"அண்ணி, தொப்பி எங்க?"

"எந்தத் தொப்பி?"

"ஓலைத் தொப்பி. கல்லுல வெட்டி வச்சிட்டேன்னு அண்ணன் ஆள்கிட்ட சொல்லி அனுப்பினாரே."

"அவ தொப்பி எனக்கு எதுக்கு தம்பி? வழிச்சுப் போட்டுட்டேன்."

"எவ?"

"உங்கண்ணன் அங்க வச்சிருந்தாரே, அவ."

சித்தப்பா பக்கத்துக் கல்லறைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எவளும் இல்ல அண்ணி. அது ஒரு கெழவனோட தொப்பி."

அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே சொல்கிறேன். அவர் குரல் அன்று எப்படி இருந்தது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியாது.

"எங்க ஆளுங்க எல்லாம் விழுந்துட்டாங்க. நாங்க ரெண்டு பேருதான் ஓடிக்கிட்டிருந்தோம். பின்னாலயே பிரெஞ்சுக்காரன எதுத்துச் சண்ட போடுற அந்த ஊரு ஆளுங்க சுட்டுக்கிட்டு வர்றானுங்க. நான் துப்பாக்கியப் போட்டுட்டு வாய்க்கால்ல முழுகிட்டேன், மூக்கு மட்டும் வெளிய. அண்ணன் வயல்ல எறங்கிட்டாரு. அங்க நாத்து நட்டுக்கிட்டிருக்காங்க. ஒரு கெழவன் ஒரு வார்த்த பேசாம வந்தான். இவரு இரும்புத் தொப்பியப் புடுங்கி சேத்துல வச்சு மிதிச்சான். சட்டையக் கழட்டி அதயும் மிதிச்சான். சேத்த அள்ளி இவரு ஒடம்பு பூரா பூசினான். தன் தலையில இருந்த தொப்பிய எடுத்து இவரு தலையில வச்சு, நாடாவ அவனே கட்டினான். கையில நாத்துக் கட்டக் குடுத்தான். அண்ணன் குனிஞ்சாரு."

அப்பா நம் ஊர்க் கதிர்காமத்துப் பக்கம் வயல் வேலை செய்து வளர்ந்தவர். நாற்று நட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வந்தானுங்க. வரப்புல நின்னு பாத்தானுங்க. நல்ல மழ. எல்லாரு தலையிலயும் தொப்பி இருக்குது. கெழவன் ஒருத்தன்தான் வெறுந்தலை. அவனக் கூப்புட்டுக் கேட்டானுங்க. காத்துல பறந்துடுச்சுன்னு கையக் காட்டினான், சிரிக்கக்கூடச் சிரிச்சான். அவனுங்க நம்பல. எவனையோ ஒளிச்சு வச்சிருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. வரப்பு மேல ஏத்தி முட்டி போட வச்சு அடிச்சுக் கேட்டானுங்க. கெழவன் வாயத் தொறக்கல. சுட்டுட்டானுங்க. அண்ணன் நிமிரல அண்ணி. நிமிந்தா அவரும் போயிருப்பாரு, அந்த வயல்ல நின்னவங்களும் போயிருப்பாங்க. சத்தம் கேட்டப்ப அவரு கை நட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் பாத்தேன்."

மழை கொஞ்சம் வலுத்தது. என் மெழுகுவத்தி அணைந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

"திரும்பிப் போனப்ப, சண்ட போட்டுக்கிட்டே வந்தோம், துப்பாக்கி ஆத்துல போயிடுச்சுன்னு சொன்னோம். அதுக்குத்தான் இந்த மெடல். துப்பாக்கியும் சட்டையும் போட்டுட்டு ஓடினவங்கன்னு தெரிஞ்சா மெடலும் கெடையாது, பென்சனும் கெடையாது, ஜெயிலுதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல தம்பி?" அம்மாவின் குரல் எனக்கே கேட்கவில்லை.

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லுன்னுதான் நானும் சொன்னேன். 'அவ மனசு நல்ல மனசு, ஆனா ஒரு கோவம் வந்தா வாசல்ல நின்னு கத்திடுவா'ன்னாரு. 'சைகோன்ல பொம்பள வச்சிருந்தான்னு கத்தினா கத்தட்டும், அதுக்காக எவனும் பென்சனப் புடுங்க மாட்டான். மத்தது வெளிய வந்தா நான் செத்தப்புறம் அவளும் பாப்பாவும் சோத்துக்கு என்னா பண்ணுவாங்க'ன்னாரு."

அம்மா அந்தப் பள்ளத்தில் கையை வைத்தாள். "நான் போட்டிருந்த தொப்பின்னு சொன்னாரு" என்றாள். "சொன்னாரு. என்கிட்ட சொன்னாரு." அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தவளை நானும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வெளியே கூட்டிவந்தோம்.

மறுநாளே கல்தச்சரிடம் ஓடினாள். திரும்பச் செதுக்க முடியுமா என்று கேட்டாள். "தெரியாமப் போற வரைக்கும் எடுக்கச் சொன்னீங்களேம்மா. அந்தப் பள்ளத்துல இன்னொரு வாட்டி உளி வச்சா கல்லு ரெண்டாப் பொளந்துடும்" என்றார். மெடல் நன்றாக இருந்தது, நங்கூரம் நன்றாக இருந்தது. அவற்றில் ஒரு கீறல் இல்லை.

அதற்குப் பிறகு குழாயடியில் அம்மாவின் குரல் கேட்கவில்லை. அவளுக்கு ஏதோ பிடித்துவிட்டது, சொல்தா ஆவி வந்துவிட்டது என்றெல்லாம் தெருவில் பேசினார்கள். சைகோன்காரம்மாவின் கடைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். மழை பெய்தால் ஜன்னலண்டை வந்து நின்று, "நனையறாரு பாரு" என்பாள். யார் நனைகிறார், அப்பாவா, அந்தக் கிழவரா என்று நான் கேட்டதில்லை. என் கதையில் இருந்த ஈரத் தலைமுடிக்காரி போய்விட்டாள், அவள் மகளும் போய்விட்டாள். அந்த இடத்தில் ஒரு வழுக்கைத் தலைக் கிழவர் வந்துவிட்டார். மழையில் வெறுந்தலையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவள் போனதுபோல இவர் போவதாக இல்லை.

அம்மா ரொம்ப காலம் இருந்தாள். கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது என்னைக் கூப்பிட்டு, "எனக்குக் கல்லு வைக்கும்போது அந்தத் தொப்பிய அதுல வெட்டச் சொல்லு. நாடாவோட. அவுந்த நாடா" என்றாள்.

"உன் கல்லுலயா? பாக்குறவங்க உன்னச் சைகோன்காரின்னு சொல்லுவாங்கம்மா."

"சொல்லட்டும்" என்றாள். "அவருக்கு அந்தப் பேர வாங்கிக் குடுத்தது நான்தானே."

பழைய கல்தச்சர் எப்போதோ போய்விட்டார். அவர் மகனுக்கு நான் ஓலையை மடித்துத் தைத்துக் காட்டினேன். அப்பா செய்ததைப் பார்த்திருந்தது கைக்கு ஞாபகம் இருந்தது. இப்போது அந்த வரிசையில் அப்பா கல்லில் பள்ளமும், அடுத்த கல்லில் தொப்பியுமாக இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

போன கல்லறைத் திருநாளன்று நான் பூ வைத்துக்கொண்டிருந்தபோது, பிரான்சிலிருந்து வந்த ஒரு குடும்பம் பின்னால் நின்று பேசியது. நம் ஊர்க்காரர்கள்தான், அங்கேயே குடியேறிவிட்டவர்கள். அந்தப் பெண் தன் மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "பாத்தியா, இந்தச் சொல்தா சைகோன்ல கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தவரு. இது அவரு ஒய்ஃப். அவங்க ஊருத் தொப்பி, பாரு. எவ்ளோ ஆசையா வெட்டி வச்சிருக்காரு." எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. என் வாயும் அம்மா வாய்தானே.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இவங்க உங்களுக்குச் சொந்தமாம்மா?"

"எங்கம்மா" என்றேன்.

"அப்படியா! உங்களப் பாத்தா சைகோன் மொகமே தெரியலயே?"

தூறல் ஆரம்பித்துவிட்டது. முக்காட்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"நான் எங்கப்பா சாயல்" என்றேன்.